எங்க ஆளு இல்ல

தம்பி, இந்த பஸ் எங்க போகுது?

சிரிக்காதீங்க. டிக்கெட் எடுத்தாச்சு. கண்டக்டர் வந்து எங்கன்னு கேட்டாரு, கடைசி ஸ்டாப்புன்னு சொன்னேன், கிழிச்சுக் குடுத்துட்டாரு. அதுல ஊர் பேரு சரியா விழல, பாருங்க, மை மங்கிக் கிடக்கு. திரும்பக் கூப்பிட்டுக் கேக்க வெக்கமா இருந்துச்சு. நரைச்ச தலையும் இஸ்திரி போட்ட சட்டையுமா ஒரு மனுஷன், போற ஊரு தெரியாம பஸ்ல ஏறி உக்காந்திருக்கான்னா பாக்கவங்க என்ன நினைப்பாங்க.

உவரியா. சரி. கடல்கரை ஊருல்லா. அப்ப கடலுக்குத்தான் போறா.

கொஞ்சம் மெதுவாப் பேசுவோம். முன்னால பாருங்க, டிரைவருக்குப் பின்னால, பொம்பளைங்க சீட்டுல, பச்சைச் சேலை. கைய ஜன்னலுக்கு வெளிய நீட்டிக்கிட்டு, காத்தப் பிடிக்கிற மாதிரி விரல மூடி மூடித் தொறந்துக்கிட்டு வாராளே. அது என் சம்சாரம். பியூலா. நான் பின்னால ஏறி உக்காந்திருக்கது அவளுக்குத் தெரியாது.

தப்பா நினைக்காதீங்க. சந்தேகப்பட்டுப் பின்னால வாரவன் இல்ல நான். சண்டையும் இல்ல. சண்டை போட்டிருந்தா நல்லாயிருந்திருக்கும். எனக்கு ஆசீர்னு பேரு, பாளையங்கோட்டைல வீடு. சர்க்கார் ஆபீஸ்ல சூப்பிரண்டா இருந்து ரிட்டயர் ஆனவன். எங்க சபையில கமிட்டி மெம்பர். என்னைப் பத்தி ஊருல யாரும் ஒரு சொல்லு சொல்ல முடியாது. அப்படி இருந்தவன் இன்னைக்குக் காலைல, பொஞ்சாதி தெருமுனை திரும்புற வரைக்கும் காத்துக் கிடந்து, வீட்டப் பூட்டிட்டு, அவ பின்னாலயே வந்து, பஸ் ஸ்டாண்டுல பேப்பர் கடை மறைவுல நின்னு, அவ முன்வாசல்ல ஏறவும் நான் பின்வாசல்ல ஏறியிருக்கேன். நெஞ்சு படபடன்னு அடிச்சுது. சின்ன வயசுல மாந்தோப்புக்குள்ள ஏறிக் குதிக்கும்போது அடிக்கும்லா, அந்த மாதிரி. சந்தோஷம்னு சொல்ல மாட்டேன். பிரஷர் மாத்திரை போடாம வந்துட்டேன், அதனாலயாத்தான் இருக்கும்.

தெரிஞ்சவங்ககிட்ட இதச் சொல்ல முடியாது. நீங்க வழியில பாத்தவரு, இறங்கினா அவரவர் பாதை. நீங்க நம்ம வேதக்காரரு, கிறிஸ்தவரு இல்லன்னு நினைக்கேன். அதுவும் நல்லதுதான். எல்லாத்தையும் விளக்கமாச் சொல்லலாம்.

எல்லாம் போன வருஷம் மழை முடிஞ்ச சமயத்துல ஆரம்பிச்சுது. மகள் குடும்பத்தோட வந்திருந்துட்டு ஓசூருக்குத் திரும்பிப் போயிட்டா. வீட்டுல நானும் அவளும்தான். எங்க வீட்டுல காலைல குடும்ப ஜெபம் உண்டு. நான் முதல்ல ஜெபிப்பேன். ஒரு ஒழுங்கு இருக்கும் பாத்துக்கிடுங்க. மகள், மருமகன், பேத்தி, சொந்தபந்தம், சபை, நாடு, நோயாளிங்க, எங்க ரெண்டு பேரு சுகம், இப்படி ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வரும். ஒண்ணும் விட்டுப்போகாது. அடுத்தாப்புல அவ ஜெபிப்பா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் சொன்னதத்தான் அவ கொஞ்சம் சுருக்கிச் சொல்லுவா. அன்னைக்கு என்ன செஞ்சா தெரியுமா? கண்ண மூடினா. "ஆண்டவரே, இன்னைக்கு நீங்க எனக்கு என்ன வச்சிருக்கீங்கன்னு பாக்க ஆசையா இருக்கு, ஆமென்" அப்படின்னா. அவ்வளவுதான். எந்திரிச்சுக் காப்பி போடப் போயிட்டா.

நான் பின்னாலயே போனேன். "இது என்ன ஜெபம்? என் பிரஷர் என்னாச்சு? பேத்தி பரீட்சை என்னாச்சு?"

"நீங்கதான் சொல்லிட்டீங்கல்லா. அவருக்கு ஒரு தடவை சொன்னாக் கேக்கும்."

"அதுக்காக இப்படியா?"

அடுப்புல பால வச்சுக்கிட்டே சொன்னா. "கோவப்படாதீங்க. இத்தனை வருஷமா நாம ஜெபம் பண்ணுறதப் பாத்தா ஆண்டவர் ஒரு ஆபீஸ்ல மேசைக்கு அந்தப்பக்கம் உக்காந்து நம்ம ஃபைலப் பாத்துக்கிட்டு இருக்க மாதிரி இருக்கு. அவரு எந்திரிச்சு வெளிய வரமாட்டாரான்னு இருக்கு எனக்கு."

ஆபீஸ்ல இருந்தவன்கிட்ட அப்படிச் சொல்லலாமா. நான் ரெண்டு நாள் பேசல.

அதுக்குப் பின்னால அவரு வெளிய வந்துட்டாருன்னுதான் சொல்லணும். தெனம் ஒரு கூத்து. மார்க்கெட்டுக்குப் போற பாதையில போகமாட்டா. போகாத தெருவாப் பாத்துப் போவா. ஒரு நாள் அப்படிப் போய் மேலப்பாளையத்துல வழி தெரியாமச் சுத்தியிருக்கா. நான் இங்க வாசல்ல நிக்கேன், பக்கத்து வீட்டுக்காரரு "ஆன்ட்டியக் காணலியா அங்கிள்"னு கேக்காரு. நான் என்ன சொல்ல? கோயிலுக்குப் போயிருக்கான்னு பொய் சொன்னேன். உச்சி வெயில்ல ஆட்டோவுல வந்து இறங்குதா, கையில ஒரு தூக்குவாளி. வழி கேட்ட வீட்டுல பிள்ளை பிறந்திருக்காம், அன்னைக்குப் பேர் வைக்காங்களாம், உள்ள வாங்கன்னு கூப்பிட்டாங்களாம். போயிட்டா. முன்னப்பின்னத் தெரியாத வீடு. அந்தப் பிள்ளைய மடியில வச்சிருந்திருக்கா, அவங்க முட்டையும் தேங்காப்பாலும் போட்டுச் செய்யுத வட்டலாப்பம் குடுத்து விட்டிருக்காங்க.

"பாத்தீங்களா, காலைல கேட்டேன், மத்தியானம் குடுத்துட்டாரு"ன்னா.

வட்டலாப்பம் நல்லாத்தான் இருந்துச்சு. அத நான் சொல்லல.

லீவு சமயத்துல பொருட்காட்சி போட்டிருந்தாங்க. எங்க சபை ஹாஸ்டல் பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போனவ, ராட்சச ராட்டினத்துல ஏறிட்டா. ஏறினதுகூடப் பரவாயில்ல. மேல இருந்து கீழ வரும்போதெல்லாம் அல்லேலூயான்னு சத்தம் போட்டிருக்கா. பிள்ளைங்களும் சேந்து போட்டிருக்குங்க. கீழ நம்ம சபை செக்ரட்டரி தர்மராஜ் அண்ணாச்சியும் அவங்க வீட்டம்மாவும் நிக்காங்க. மறுநா ஆராதனை முடிஞ்சு அண்ணாச்சி என் தோள்ல கையப் போட்டு, "ஆசீரு, உங்க வீட்டுல இப்ப நல்ல உயரத்துல இருக்காங்க போல"ன்னாரு. சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து சட்டையக் கழட்டினா முதுகெல்லாம் வேர்வை.

அவகிட்ட ஒண்ணு மட்டும் உண்டு. எங்க போனாலும் "வாரீங்களா?"ன்னு கேப்பா. ஒரு தடவைகூடக் கேக்காமப் போனதில்ல. நான் வரலம்பேன். சரின்னுட்டுப் போயிருவா. வந்து எல்லாத்தையும் சொல்லுவா. நான் பேப்பரப் பிடிச்சுக்கிட்டுக் கேக்காத மாதிரி இருப்பேன். எல்லாம் கேக்கும்.

இன்னொண்ணு சொல்லுதேன், வேற யாருகிட்டயும் சொல்லிராதீங்க. அடுக்களைல தனியாச் சிரிப்பா. யாருகிட்டப் பேசுதன்னு கேட்டா, "அவர்கிட்டதான்"பா. வெங்காயம் உரிச்சிக்கிட்டு, மீன் அலசிக்கிட்டு, அவர்கிட்டப் பேச்சு. வேற யாருமா இருந்தா நான் கோவப்படலாம். அவரு மேல எப்படிக் கோவப்பட? நான் தெனம் கும்பிடுதவரு. ஆனா தம்பி, ஒரே கூரைக்குள்ள இருந்துக்கிட்டு, என்கிட்டச் சிரிக்காத சிரிப்ப அவர்கிட்டச் சிரிச்சா, கேட்டுக்கிட்டு இருக்கவனுக்கு எப்படி இருக்கும். சரி, அத விடுங்க.

இப்ப கழுதைக்கு வாரேன்.

கழுதைப் பாலு, கழுதைப் பாலுன்னு கூவிட்டுத் தெருவுல வருவாங்கல்லா. கைப்பிள்ளைக்குச் சங்குல ஊத்திக் குடுக்கது. அப்படி ஒரு பொம்பள, அஞ்சலைன்னு பேரு, கடலூர்ப் பக்கத்துல இருந்து வந்தவ, ஒரு பெட்டைக் கழுதையும் குட்டியுமா எங்க தெருவுக்குப் பின்னால இருக்க காலிமனையில தங்கியிருந்தா. இவ போய்ப் பழகிட்டா. வாழைப்பழத் தோலு, கழனித் தண்ணி, கேரட் துண்டு எல்லாம் அங்கதான் போகும். குட்டிக்கு நெத்தியில வெள்ளையா ஒரு சுழி இருக்காம், அதச் சொல்லிச் சொல்லி ஆறமாட்டா. நான் போய்ப் பாக்கல. கழுதையப் போய்ப் பாக்கதா.

உங்களுக்குக் குருத்தோலை ஞாயிறுன்னா தெரியுமோ என்னவோ. இயேசு சாமி எருசலேமுக்குக் கழுதை மேல ஏறி வந்தாரு, ஜனங்க ஓலையப் பிடிச்சுக்கிட்டு ஓசன்னான்னு பாடி வரவேத்தாங்க. அந்த வாரமே அவரப் பிடிச்சுச் சிலுவையில அடிச்சிருவாங்க. அதுக்கு மூணாம் நாள் உயிர்த்தெழுந்தாரு. அதுதான் ஈஸ்டர், நாளைக்கு. அந்த ஓலை ஞாயிறு போன ஞாயித்துக்கிழமை. எல்லாச் சபையிலயும் குருத்தோலையப் பிடிச்சுக்கிட்டுத் தெருவச் சுத்திப் பவனி வருவோம். எங்க சபையில பவனி ஒழுங்கு என் பொறுப்பு. வருஷக்கணக்கா நான்தான். ரெண்டு வரிசை, ரோட்டுக்கு இடதுபக்கம், முன்னால பாடகர் குழு, பின்னால பிள்ளைங்க, ஆம்பளைங்க, பொம்பளைங்க. சட்டையில ஒரு பேட்ஜ் குத்தியிருப்பேன்.

முந்தின நாள் சாயங்காலம் அவ கேட்டா. "ஆண்டவரு கழுதையிலதான வந்தாரு? நம்ம பவனியில ஒரு நாளாவது கழுதை வந்திருக்கா?"

"விளையாட்டுக்குப் பேசாத."

"விளையாட்டு இல்ல. பிள்ளைங்க பாத்ததே இல்ல. பாத்தா எவ்வளவு சந்தோஷப்படும்."

"பியூலா, இது ஆராதனை."

அவ ஒண்ணும் சொல்லல. சரின்னு சொல்லிட்டான்னு நான் நினைச்சேன். இப்ப யோசிச்சுப் பாத்தா அவ சரின்னு சொல்லல.

மறுநா காலைல பவனி கிளம்பி, மெயின் ரோடு முக்குத் திரும்புது. பின்னாலருந்து பிள்ளைங்க சத்தம். திரும்பிப் பாக்கேன். அஞ்சலை, அந்தக் கழுதை, குட்டி. கழுதை கழுத்துல செவ்வந்தி மாலை. கயித்தப் பிடிச்சிருக்கது இவ. கொண்டையில ஒரு குருத்தோலையச் செருகியிருக்கா, பாதிக் கொண்டை அவுந்து தொங்குது. சுத்தி ஞாயிறு பள்ளிப் பிள்ளைங்க. அதுங்க ஓசன்னான்னு கத்துதுங்க பாருங்க, அந்த மாதிரி எங்க சபையில ஒரு வருஷமும் கேட்டதில்ல. நாங்க பாடுறது ஒரு மாதிரி இழுத்துப் பாடுவோம். இதுங்க உண்மையிலயே யாரோ வாராங்கன்னு நினைச்சுக் கத்துதுங்க.

நான் போய்த் தடுக்கதுக்குள்ள கழுதை ரோட்டுக்கு நடுவுல நின்னுட்டு. குட்டி பின்னால எங்கயோ ஒரு கடை வாசல்ல நின்னு எதையோ மோந்துக்கிட்டு நிக்கு. தாய் வரமாட்டேங்குது. அங்கனயே நின்னு ஒரு கத்து கத்துச்சு பாருங்க. அந்தப் பக்கம் ரெண்டு பஸ், இந்தப் பக்கம் ஒரு லாரி, ஆட்டோ, பைக்கு, எல்லாம் ஹாரன். நின்னவங்கெல்லாம் செல்லத் தூக்கிப் படம் எடுக்காங்க. இவ கயித்த இழுக்கா, இழுக்க முடியல, சிரிப்பு வந்துருச்சு அவளுக்கு. வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கா. நடு ரோட்டுல.

பாதுகாப்புக்கு வந்த எஸ்.ஐ. பைக்க நிறுத்திட்டு நேரா என்கிட்ட வந்தாரு. நான்தான பேட்ஜ் குத்தியிருக்கேன். "கழுதைக்கெல்லாம் யாரு பெர்மிஷன் குடுத்தா? யாருய்யா அந்தம்மா?"

நான் சொன்னேன், "தெரியல சார். எங்க ஆளு இல்ல."

அப்படித்தான் தம்பி சொன்னேன். வாய் தானாச் சொல்லிட்டுன்னு சொன்னா நீங்க நம்பமாட்டீங்க. நானும் நம்பல. நல்லாத் தெளிவா, ஆபீஸ்ல சொல்லுத மாதிரிச் சொன்னேன்.

பக்கத்துல ஞாயிறு பள்ளிப் பிள்ளை ஒண்ணு, "அங்கிள், அது உங்க வீட்டு ஆன்ட்டிதான?"ன்னுச்சு. அத அவங்கம்மா பிடிச்சு இழுத்துக்கிட்டா. சுத்தி நின்ன அத்தனை பேருக்கும் தெரியும். தரையப் பாத்துக்கிட்டு நின்னாங்க. தர்மராஜ் அண்ணாச்சிகூட ஒண்ணும் சொல்லல. அவரு சிரிச்சிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

அவ எங்க நின்னான்னு கேக்கீங்களா? பக்கத்துலதான். கை எட்டுற தூரம். சிரிச்ச வாய் அப்படியே நின்னுச்சு. என்னை ஒரு தடவை பாத்தா. பாத்துட்டு எஸ்.ஐ.கிட்டத் திரும்பி, "ஆமா சார், நான் வழியில சேந்துக்கிட்டவ. இவங்களுக்கும் எனக்கும் சம்பந்தமில்ல. மன்னிச்சிருங்க, இந்தா ஓரமாக் கொண்டு போயிருதேன்"ன்னா. அவரு நல்லா ஏசினாரு. வயசுக்குத் தக்கன நடந்துக்கங்கன்னாரு. குட்டி வந்து சேந்ததும் கழுதை தானா நடந்துச்சு. அவளையும் அஞ்சலையையும் ஓரமா நிக்கச் சொல்லிட்டு, எங்களப் போகச் சொன்னாரு.

நாங்க போனோம். நான் ஓசன்னா பாடிக்கிட்டே போனேன் தம்பி. கையில ஓலையப் பிடிச்சுக்கிட்டு.

அது யாரு, பஸ்ஸ நிறுத்துதாங்க? செக்கிங்கா? இல்ல, ஆடு குறுக்க போகுது போல. நான் குனிஞ்சிக்கிடுதேன், அவ திரும்பிப் பாத்தாலும் பாப்பா. எது குறுக்க போனாலும் அவளுக்குப் பாக்கணும்.

சரி. வீட்டுக்கு வந்தேன். அவ எனக்கு முன்னால வந்து சமைச்சிட்டா. நான் ஒரு பெரிய சண்டைக்குத் தயாராத்தான் போனேன். நான் கேக்கதுக்குப் பாயிண்ட் இருந்துச்சு. என் பொறுப்புல நடக்க பவனியில என்கிட்டச் சொல்லாமக் கழுதையக் கொண்டு வந்தது தப்பு. அதுல நான் இன்னைக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன். ஆனா அவ சண்டைக்கு வரல. சோத்தப் போட்டா. மொளகு ரசம் ஊத்தினா. "கழுதை விஷயத்துல உங்களுக்குச் சங்கடமாப் போச்சு, மன்னிச்சிருங்க"ன்னா. நான் ரசத்தப் பாத்துக்கிட்டே இருந்தேன்.

அப்பறம் சொன்னா, "நான் ஒண்ணு யோசிச்சேன். வெளியில நான் உங்களுக்குத் தெரியாதவளாவே இருந்துக்கிடுதேன். வீட்டுக்குள்ள உங்க பொஞ்சாதி. அப்ப நீங்களும் தலை நிமிந்து நடக்கலாம், நானும் என் இஷ்டத்துக்கு இருக்கலாம்." குத்திக் காட்டிச் சொன்னான்னு நினைக்காதீங்க. அதுதான் சங்கடம். நல்ல மனசோட, எனக்கு உதவியாத்தான் சொன்னா. நானும், அதெல்லாம் வேண்டாம், சவத்தை விடுன்னு சொல்லாம, தலைய ஆட்டி வச்சேன்.

அதுல இருந்து இந்த வாரம் பூரா அப்படித்தான். கடைக்குப் போனா எனக்குப் பின்னால தள்ளி வாரா. யாராவது எதிர்ல வந்தா ரோட்டுக்கு அந்தப்பக்கம் போயிருதா. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால வழக்கம் போல ஜெபம் பண்ணுதா, இன்னைக்கு நல்லாயிருந்துச்சு ஆண்டவரே, நன்றிங்கா. அந்த நல்லாயிருந்துச்சுல நான் உண்டான்னு கேக்க எனக்கு வாய் வரல.

நேத்துப் பெரிய வெள்ளிக்கிழமை. இயேசு சாமி சிலுவையில மரிச்ச நாள். மத்தியானம் நீள ஆராதனை இருக்கும். வேதபாடம் வாசிக்க கமிட்டி மெம்பருக்கெல்லாம் முறை உண்டு. எனக்கு வந்த பாகம் என்ன தெரியுமா? பேதுரு. அவரு இயேசு சாமிக்கு ரொம்ப நெருக்கமான சீஷர். சாமியப் பிடிச்சுக்கிட்டுப் போனப்ப, குளிர் காஞ்சிக்கிட்டு நின்னவங்க, நீ அவரோட இருந்தவன்தானன்னு கேக்காங்க. அந்த மனுஷன எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டாரு. கேட்ட ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் சொன்னாரு.

நான் தடுமாறியிருப்பேன்னு நினைக்கீங்க. அதான் இல்ல. நல்லா வாசிச்சேன். நிறுத்த வேண்டிய இடத்துல நிறுத்தி, குரல் ஏத்தி இறக்கி. வெளிய வந்ததும் தர்மராஜ் அண்ணாச்சி கையப் பிடிச்சுக் குலுக்கி, "ஆசீரு, இந்த மாதிரி வாசிச்சு நான் கேட்டதில்ல"ன்னாரு. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. உள்ளதச் சொல்லுதேன், சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அந்தச் சந்தோஷத்தோட, இத அவகிட்டச் சொல்லணும்னு திரும்புதேன். அவ அந்தப் பக்கத்து வாசல் வழியா, கூட்டத்துக்குள்ள குனிஞ்சு, வேகமாப் போறா. நாங்க ரெண்டு பேரும் சேந்து நிக்கத யாரும் பாத்துரக் கூடாதேன்னு எனக்காக ஓடுதா. செருப்பக்கூடச் சரியா மாட்டல. ஒரு காலு செருப்பு வாருல சிக்கி இழுத்துக்கிட்டே போறா.

அப்பதான் தம்பி, அந்தப் பாகம் எனக்கு விளங்குச்சு. கையில என் செருப்ப வச்சுக்கிட்டு அங்கனயே நின்னேன். அண்ணாச்சி இன்னும் பேசிக்கிட்டேதான் இருக்காரு.

இன்னைக்குக் காலைல அவ பச்சைச் சேலையக் கட்டிட்டு வந்தா. "சோறு வடிச்சு வச்சிருக்கேன், குழம்பு இருக்கு. ஆண்டவர் கல்லறையில இருக்க நாளு, எனக்கு வீட்டுல இருப்புக் கொள்ளல. வெளிய போயிட்டுச் சாயங்காலம் வந்துருதேன்"ன்னா. பையத் தூக்கினா. போயிட்டா.

வாரீங்களான்னு கேக்கல.

இத்தனை மாசமா அந்தக் கேள்வி எனக்குத் தொந்தரவா இருந்துச்சு. இன்னைக்கு அது வரல. செருப்புச் சத்தம் நடைபாதையில போய், கேட்டு சாத்துற சத்தம் கேட்டுச்சு. நான் நாற்காலியில உக்காந்திருந்தவன், எப்ப எந்திரிச்சேன்னு எனக்கே தெரியல.

இது என்ன ஊரு, திசையன்விளையா? கொஞ்ச நேரம் நிக்கும்கீங்களா? சரி. ஒரு டீ குடிச்சா நல்லாயிருக்கும். பஸ்ஸுக்குப் பின்பக்கமா இறங்கிப் போயிட்டு வந்துருதேன். பையக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க.

*

தம்பி, பைய எடுக்க வந்தேன். இருங்க, மூச்சு வாங்குது. பஸ் கிளம்பப் போகுதுங்கான் கண்டக்டர். சுருக்கமாச் சொல்லிருதேன், இவ்வளவு கேட்டவரு நீங்க.

டீக்கடைக்குப் போறேன், அங்க அவ நிக்கா. கடைக்கார அம்மாகிட்ட எந்தத் தெருவுல மீன் மார்க்கெட்டுன்னு கேட்டுக்கிட்டு நிக்கா. திரும்பினா. பாத்துட்டா. கண்ணு பெருசாச்சு, வாயத் தொறந்தா. தொறந்தவ அப்படியே மூடிக்கிட்டா. சேலையத் தோள்ல இழுத்துப் போட்டுக்கிட்டு ஓரமா ஒதுங்கி, "வாங்க அண்ணாச்சி, வழி விடுதேன்"ன்னா.

அண்ணாச்சின்னா தம்பி. என்னைய.

கேலி பண்ணல. முகத்துல ஒரு துளி கேலி இல்ல. சொன்ன சொல்லக் காப்பாத்துதா.

டீ மாஸ்டர் அவளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு ரெண்டு கிளாச வச்சான். "ரெண்டுக்கும் காசு சேத்தா, தனித்தனியா?"ன்னான். நான் சேத்துன்னேன். சத்தம் வரல. அவன் காதுல விழல. "என்ன?"ன்னான். "சேத்துதான். என் சம்சாரம்யா அது"ன்னேன். இந்தத் தடவை ரொம்பச் சத்தமாப் போச்சு. கடைக்குள்ள பரோட்டா தின்னுக்கிட்டு இருந்தவங்கூடத் திரும்பிப் பாத்தான். எதுக்கு இந்தக் கிழவன் கத்துதான்னு.

அவ டீயக் கையில எடுத்தா. "எப்ப ஏறினீங்க?"

"நீ ஏறினப்பவே."

"பின்னாலயா?"

"பின்னாலதான்."

"பாளையங்கோட்டைல இருந்து எனக்குப் பின்னால ஒளிஞ்சு வந்தீங்களா?" அவளுக்குச் சிரிப்பு வந்துருச்சு. கிளாசு ஆடி டீ சிந்துச்சு. சிரிச்சு முடிச்சா. நான் சொல்ல வந்தத ஆரம்பிச்சேன். "பியூலா, அன்னைக்கு ரோட்டுல..." அதுக்கு மேல வரல. ஆபீஸ்ல பக்கம் பக்கமா எழுதினவன், ஒரு வாக்கியம் முடிக்க முடியல.

அவ நிமிந்து பாத்துச் சொன்னா. "வலிச்சுது. இல்லன்னு சொல்லமாட்டேன். நீங்கெல்லாம் பாடிக்கிட்டுப் போனப்ப, நான் கயித்தப் பிடிச்சுக்கிட்டு ரோட்டோரத்துல நின்னு அழுதேன். அஞ்சலை என்னாச்சுக்கா, என்னாச்சுக்கான்னு கேக்கா. நான் அவர்கிட்டச் சொன்னேன், உங்களுக்கும் இப்படித்தான ஆண்டவரே இருந்திருக்கும்னு. பேதுரு அப்படிச் சொன்னப்ப அவரு திரும்பி ஒரு பார்வை பாத்தாருல்லா. அது என்ன பார்வைன்னு இத்தனை வருஷமா எனக்குத் தெரியாது. அன்னைக்குத் தெரிஞ்சுச்சு. அதுல கோவம் இல்ல."

நான் டீயக் குடிக்கல. அவதான் வாங்கி, ஆத்தி, என் கையில குடுத்தா. "குடிங்க, பஸ் எடுத்துருவான்"ன்னா.

குடிச்சேன்.

"கடலுக்கு வாரீங்களா?"ன்னு கேட்டா.

வாரேன்னேன். ஒரு பொம்பள தனியாக் கடல்கரையில போய் உக்காந்திருக்கது நல்லதில்லைல்லா, அதுக்காகவும்தான்.

இப்ப ஒரு சிக்கல். அவ பக்கத்துல ஒரு இடம் காலியா இருக்கு, அங்க வந்து உக்காருங்கன்னு சொல்லுதா. அது லேடீஸ் சீட்டு. நான் சொல்லிப் பாத்தேன், கண்டக்டர் சத்தம் போடுவான், நான் இங்கயே இருந்துக்கிடுதேன், இறங்கும்போது சேந்துக்குவோம்னு. "போட்டா எந்திரிச்சுப் பக்கத்துல நில்லுங்க"ன்னுட்டுப் போயிட்டா. பாருங்க, பைய மடியில தூக்கி வச்சுக்கிட்டு இடம் பிடிச்சிருக்கா. சுத்தி இருக்க பொம்பளைங்ககிட்ட என்னத்தையோ சொல்லுதா, எல்லாரும் திரும்பி என்னைத்தான் பாக்காங்க. என்னத்தச் சொன்னாளோ. பேப்பர் கடைக்குப் பின்னால ஒளிஞ்சதச் சொல்லியிருப்பா.

காதெல்லாம் சுடுது தம்பி.

கண்டக்டர் இங்கதான் பாக்காரு. விசில வாயில வச்சிட்டாரு. அந்தக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சுக்கிடுதேன். கால மடக்கிக்கோங்க, நான் முன்னால போகணும்.